சப்போரோவில் நான்கு மாதம்: சைவச் சாப்பாடும் பனிச்சறுக்கும்

2025 ஆகஸ்ட் 3. பாளையங்கோட்டை வாசகி ஒருவர் கேட்டது:

அக்கா, என் மகளும் மருமகனும் ஜப்பானில் ஹொக்கைடோ தீவின் சப்போரோ நகரில் இருக்கிறார்கள். வரும் டிசம்பரில் வந்து மார்ச் வரை தங்கும்படி அழைக்கிறார்கள். எனக்கு வயது ஐம்பத்தாறு. நாங்கள் சைவம். மார்கழிப் பனிக்கே தலையில் துண்டு கட்டிக்கொள்கிற நான் அங்கே போனால் நான்கு மாதமும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கத்தானே வேண்டும்? பேத்தி வேறு பனிச்சறுக்குக்கு வா என்கிறாள். அதெல்லாம் அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் ஆகும் என்பது என் எண்ணம். சென்ற குளிர்காலத்தில் போய்வந்த நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆகஸ்ட் 3, இரவு

அடைந்து கிடக்க வேண்டியதில்லை. ஐம்பத்தெட்டு வயதில், கல்லிடைக்குறிச்சியைவிட்டு அதுவரை ஊட்டிக்கு மேல் குளிர் பார்த்திராத நான், டிசம்பர் முதல் வாரத்திலிருந்து மார்ச் கடைசி வரை அங்கே இருந்தேன். காய்ச்சல் வந்த மூன்று நாள் தவிர வெளியே போகாத நாள் இல்லை.

முதலில் குளிரைப் பற்றிய பயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சப்போரோவில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே மூன்று பாகை அளவில் இருக்கும். இரவில் அதைவிட இறங்கும். ஆனால் அது வீட்டுக்கு வெளியே. வீட்டுக்குள் மண்ணெண்ணெயில் எரியும் பெரிய அடுப்பு நாள் முழுவதும் கனன்றுகொண்டிருப்பதாலும், ஜன்னல்கள் இரட்டைக் கண்ணாடியாகவும் வாசல் இரட்டைக் கதவாகவும் கட்டப்பட்டிருப்பதாலும், மார்கழி விடியலில் நம் ஊர்க் கிணற்றடியில் நின்று ஈரத் தலையோடு நடுங்கிய குளிர் அங்கே வீட்டுக்குள் ஒருநாளும் எனக்கு இல்லை. குளியலறை அலமாரியில் வைத்த தேங்காயெண்ணெய் மட்டும் நான்கு மாதமும் நெய்போல உறைந்தே இருந்தது.

குளிரைவிட என்னை வருத்தியது இருட்டு. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. சாயங்காலம் என்ற ஒரு பொழுதே இல்லாமல் போனதுபோல் முதல் இரண்டு வாரம் மனம் அடித்துக்கொண்டது. விளக்கேற்றுகிற நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டியிருந்தது. ஆகவே காலை பத்து மணிக்குள் வெளியே இறங்கிவிடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 4

வெளியே இறங்குவது என்று எழுதிவிட்டேன்; இறங்கிய பிறகு எப்படி நடப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. சப்போரோவில் ஒரு குளிர்காலத்தில் விழும் பனியைக் கூட்டினால் ஏறத்தாழ ஐந்து மீட்டர் வரும். ஏறக்குறைய இருபது லட்சம் மக்கள் வாழும் ஒரு பெருநகரத்தில் இவ்வளவு பனி விழுகிறது. விழுந்த பனி மென்மையானது. அதன்மேல் ஆயிரம் கால்களும் வண்டிச் சக்கரங்களும் ஏறியிறங்கி, பகலில் சற்றே இளகி, இரவில் மீண்டும் இறுகும்போதுதான் அது கண்ணாடியாகிறது. "ட்சுரு ட்சுரு" என்று அவர்கள் சொல்லும் வழுக்கல் அதுதான்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் அங்கே குளிர்காலத்தில் வண்டிச் சக்கரங்களில் இரும்பு ஆணி பதித்த டயர்களைப் பூட்டினார்கள். அந்த ஆணிகள் தார்ச்சாலையைச் சுரண்டிக் கிளப்பிய புழுதி மக்களின் மூச்சைக் கெடுத்ததால், 1990ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றி அவற்றை நிறுத்தினார்கள். காற்று தெளிந்தது. ஆனால் ஆணியில்லாத டயர்கள் பனியை நொறுக்காமல் தேய்த்து மெருகேற்றியதால் சாலைக் கடவைகள் முன்னிலும் வழுக்கலாயின. அதனால்தான் தெருமுனைகளில் பெட்டிகள் வைத்து அவற்றில் மணல் பைகளைப் போட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு பையைப் பிரித்துத் தம் காலடியில் தூவிக்கொண்டு கடக்கலாம். கோலமாவு தூவுவதுபோல் நானும் பலமுறை தூவியிருக்கிறேன்.

நடக்கும் முறை நமக்குப் புதியதல்ல. தாமிரபரணிப் படித்துறையில் பாசி படிந்த படிகளில் இறங்கியவர்கள் எல்லாம் அறிந்ததுதான்: அடியைச் சிறிதாக வை, பாதம் முழுவதையும் ஒருசேரப் பதி, குதிகாலை முதலில் ஊன்றாதே. என் ஆச்சி இடுப்பில் குடத்தோடு எனக்குக் கற்றுக்கொடுத்த அதே நடை சப்போரோவுக்குப் போதும்.

ஆகஸ்ட் 4, பிற்பகல்

செருப்புக்கடைக்கு இங்கே அலைய வேண்டாம். பனிக்காலக் காலணியை அங்கே போய் வாங்குங்கள். அதன் அடிப்பாகத்துக்கென்றே தனி ரப்பர் உண்டு.

ஆகஸ்ட் 9

சாப்பாடு. இதில் பொறுமையாக எழுத வேண்டும். ஏனெனில் சைவர்களுக்கு அங்கே உள்ள இடையூறு கண்ணுக்குத் தெரியாதது.

தட்டில் மீன் துண்டு கிடந்தால் ஒதுக்கிவிடலாம். ஆனால் அவர்கள் சமையலுக்கு அடிப்படையான "தாஷி" என்னும் சாறு தெளிந்த வெந்நீர்போல இருக்கும். மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த முள்ளங்கி, முட்டைப் பணியாரம், கத்திரிக்காய்க் கூட்டு என்று எதை எடுத்தாலும் அதில் அது கலந்திருக்கும். பெரும்பாலும் அந்தச் சாறு கட்சுவோபுஷி என்னும் உலர்ந்த சூரை மீனைச் சீவிப்போட்டு எடுப்பது. நான் போன முதல் வாரம் ஓர் உணவகத்தில் காய்கறி மட்டும் என்று கேட்டு வாங்கிய கூட்டை மகிழ்ச்சியோடு சாப்பிட்டு முடித்த பிறகுதான் மருமகன் தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. பரிமாறியவர்களுக்கு அது மீன் என்றே தோன்றவில்லை, உப்பைப் போல ஒரு பொருள் என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சப்போரோவுக்கே உரிய ஓர் உணவு சூப் கறி. 1970களில் அந்த நகரத்தில் தோன்றியது. கெட்டியான ஜப்பானியக் கறிக்குழம்பைப்போல் இல்லாமல் இது ரசத்துக்கும் குழம்புக்கும் நடுவே நிற்கும். உருளைக்கிழங்கு, கேரட், பூசணி, தாமரைத்தண்டு, கத்திரிக்காய் ஆகியவற்றைப் பெரிய துண்டுகளாகப் பொரித்து மேலே அடுக்கி, சோற்றைத் தனித் தட்டில் தருவார்கள். ஒரு கரண்டி சோற்றை எடுத்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். மிளகும் சீரகமும் மணக்க அது மேசைக்கு வந்தபோது, மறுவீட்டு விருந்தில் சொதி வந்து இறங்குவதுபோல் எனக்கு இருந்தது. ஆனால் மரக்கறி என்று எழுதியிருந்தாலும் அடிக்குழம்பு பெரும்பாலும் கோழி எலும்புச் சாறு. கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் உட்காராதீர்கள்.

ஆகஸ்ட் 10

தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர் நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "நீங்கள் சொல்லுகிற கட்சுவோபுஷி எங்கள் வீட்டு மாசிதான்" என்று எழுதியிருக்கிறார். சரியாகவே சொல்கிறார். சூரையை வேகவைத்து, புகையிட்டு, கல்போல உலர்த்திய மாசிக் கருவாட்டைத் தட்டிப்போட்டுச் சம்பல் செய்கிற வீடுகள் நம் கடற்கரையில் உண்டு. ஜப்பானியர் அதோடு ஒருபடி மேலே போய், சிறந்த வகையில் ஒருவிதப் பூஞ்சையைப் படியவிட்டு மேலும் உலர்த்துகிறார்கள். மாசி சாப்பிடுகிறவர்களுக்குச் சப்போரோவில் நாவுக்கு ஒரு குறையும் இருக்காது.

நமக்கான வழி கொம்பு. மாட்டுக் கொம்பு அல்ல. "கொம்பு" என்றே அவர்கள் அழைக்கும் அகன்ற கடற்பாசி. ஜப்பானில் கிடைக்கும் கொம்பில் மிகப்பெரும் பங்கு ஹொக்கைடோக் கடற்கரைகளிலிருந்து வருகிறது. ரிஷிரி, ரவுசு, ஹிடாக்கா என்று ஊர்ப்பெயரால் அதைப் பிரித்து விற்கிறார்கள். நாம் மணப்பாறை முறுக்கு, கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்பதுபோல. 1908இல் இக்கெதா கிகுனாயே என்ற வேதியியலாளர் இந்தக் கொம்புச் சாற்றிலிருந்துதான் குளுட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு "உமாமி" என்று பெயரிட்டார். அதாவது மீனின் துணையில்லாமலே அந்தச் சாற்றுக்கு அடர்ந்த சுவை உண்டு. கொம்பு தாஷி மட்டும் என்று ஒரு தாளில் ஜப்பானிய எழுத்தில் மகள் எழுதித் தந்தாள். அதைக் காட்டத் தொடங்கிய பிறகு எனக்குச் சில கடைகள் அமைந்தன. முடியாது என்று சொன்ன கடைகள் பணிந்து வணங்கி முடியாது என்றன.

ஆகஸ்ட் 12

அரிசியைச் சொல்லாமல் விட்டேன். ஹொக்கைடோவில் நெல் விளையாது, கோதுமையும் மாடும்தான் சரிப்படும் என்று அரசாங்கமே எண்ணியிருந்த காலத்தில், 1873ஆம் ஆண்டு நாகயாமா கியூசோ என்ற உழவர் சப்போரோவுக்கு அருகே ஷிமாமாட்சு என்னும் இடத்தில் "அகாகெ" என்ற சிவந்த மீசை நெல்லை விளைவித்துக் காட்டினார். நாற்றங்காலுக்குப் பாயும் நீர் மிகவும் குளிர்ந்திருந்ததால் குளியல் தொட்டியில் சுடவைத்த நீரை இரவில் கொண்டுபோய் ஊற்றினார் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். பேத்தி பள்ளிப் புத்தகத்திலிருந்து இதைப் படித்துச் சொன்னபோது நான் அவளை இரண்டுமுறை படிக்கச் சொன்னேன். காரும் பிசானமும் விளைகிற ஆற்றுப்பாசனத்தில் பிறந்தவள் நான். பாபநாசத்திலிருந்து தானாக இறங்கிவரும் நீரில் நெல் நட்டவர்களின் பேத்திக்கு, பயிருக்கு நீரைச் சுடவைத்தவரின் கதை நெஞ்சை அடைக்காமல் என்ன செய்யும்? இன்று நெல் விளைச்சலில் நீகாட்டாவும் ஹொக்கைடோவும்தான் ஜப்பானில் முன்வரிசையில் நிற்கின்றன.

யுமெபிரிகா, நநாட்சுபோஷி என்ற அங்கத்திய அரிசிகள் குட்டையாகவும் பசையுள்ளவையாகவும் இருக்கும். தயிர்ச் சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான அரிசியை நான் கண்டதில்லை. பாலும் தயிரும் அந்தத் தீவில் அவ்வளவு நன்றாக இருக்கும். ஜப்பானின் பாலில் பாதிக்கும் மேல் அங்கிருந்துதான் வருகிறது. தொட்டுக்கொள்ள உமெபோஷி என்ற உப்பிலிட்ட காய், நம் உப்பு நார்த்தங்காயின் தங்கை. ஆனால் அந்த அரிசியை அரைத்து இட்லி ஊற்றினால் களியாகிவிடுகிறது. அம்பை 16 அரிசியின் இடத்தில் அது நிற்காது. தோசை தாராளமாக வரும்.

ஆகஸ்ட் 17

நேற்றுத் தென்காசிக்குப் போயிருந்தோம். குற்றாலத்தில் சாரல். திரும்பி வந்து பாளையங்கோட்டையில் இறங்கினால் சாரலின் சுவடே இல்லை, காற்று மட்டும் வேட்டியைப் பறிக்கிறது. அங்கே ஏன் அவ்வளவு பனி என்று கேட்ட உங்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வறண்ட குளிர்காற்று வடமேற்கிலிருந்து கிளம்புகிறது. வழியில் ஜப்பான் கடல் இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் வெந்நீரோட்டத்தால் அந்தக் கடல் காற்றைவிடச் சூடாக இருப்பதால், காற்று அதன்மேல் வரும்போது நீராவியை அள்ளிக்கொள்கிறது; ஹொக்கைடோவின் மேற்குக் கரையில் ஏறி மலைகளில் முட்டும்போது பனியாகக் கொட்டிவிடுகிறது. மலைகளைத் தாண்டி ஒபிஹிரோ, குஷிரோ பக்கம் போனால் அதே நாளில் வெயில் பளிச்சென்று அடிக்கும். அரபிக்கடலில் நீர் சுமந்துவந்த தென்மேற்குக் காற்று கேரளத்தில் கொட்டித் தீர்த்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொஞ்சம் சாரலை நமக்குச் சிந்தி, கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகளை மட்டும் சுற்றிவிட்டுப் போகவில்லையா? சப்போரோ குற்றாலம், ஒபிஹிரோ பாளையங்கோட்டை. இப்படிச் சொன்னதும் பேத்திக்குப் பாடம் உடனே விளங்கிவிட்டது.

ஆகஸ்ட் 24

பனிச்சறுக்கைப் பற்றி ஏன் இன்னும் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் மலையிலிருந்து அல்ல, பூங்காவிலிருந்து தொடங்க வேண்டும்.

நகரின் நடுவே, சுரங்க ரயில் நிலையத்தின் வாசலிலேயே நாகாஜிமா பூங்கா இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே மரங்களுக்கிடையே பனியில் தடம் போட்டு, நடைச்சறுக்குக்கான பலகை, காலணி, ஊன்றுகோல் எல்லாவற்றையும் கட்டணமில்லாமல் இரவல் தருகிறார்கள். "அருக்கு ஸ்கீ" என்று பெயர்; நடக்கிற ஸ்கீ என்று பொருள். இதில் காலணியின் முன்முனை மட்டும் பலகையில் மாட்டியிருக்கும், குதிகால் மேலெழும். பலகை நீளமாகவும் ஒடுக்கமாகவும் எடையில்லாமலும் இருக்கும். இறக்கம் இல்லை, வேகம் இல்லை. ஒரு காலைத் தள்ளி மறுகாலில் வழுக்கிப்போவது, அவ்வளவுதான். என்னைவிட மூத்த பெண்கள் பலர் காய்கறிப் பையை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு சுற்று போய்விட்டு வீடு திரும்புவதைப் பார்த்தேன்.

ஜனவரி முழுவதும் வாரத்துக்கு மூன்று நாள் அங்கே போனேன். முதல் நாள் ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. மாதக் கடைசியில் மூச்சு வாங்காமல் மூன்று சுற்று. இலையுதிர்ந்த மரங்களுக்கு அடியில், பலகை பனியில் உரசுகிற ஒலியைத் தவிர வேறு ஒலியே கேளாத அந்தக் காலைப் பொழுதுகளை, நெல்லையப்பர் கோயிலில் நடை திறந்தவுடன் ஆளில்லாத பிராகாரத்தைச் சுற்றிவரும் அமைதியோடுதான் நான் சேர்த்து நினைக்கிறேன். வீட்டுக்குள் அடைந்து கிடப்போம் என்று அஞ்சுகிறவர்களுக்கு என் முழுப் பதிலும் அந்தப் பூங்காதான்.

ஆகஸ்ட் 25

"பனி" என்ற சொல்லே தவறு, பனி என்றால் புல்லில் படியும் துளி, வானத்திலிருந்து விழுவதற்கு வேறு சொல் வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம் இருக்கிறது. முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்குப் பெயர் வைத்த நாம் பார்த்தது எல்லாம் துளிதான். வெண்பனி என்று எழுதலாம். ஆனால் அந்த ஊரில் ஒரே சொல்லும் போதவில்லை. உலர்ந்த நுண்பனிக்குக் "கோனாயுகி", அதாவது மாவுப் பனி. ஈரமாகப் பொத்தென்று விழுவதற்குப் "போத்தாயுகி".

இந்த வேறுபாட்டை நான் புட்டுமாவுப் பதத்தில் புரிந்துகொண்டேன். ஜனவரிப் பனியைக் கையில் அள்ளி இறுக்கினால் வறுத்த அரிசிமாவு மாதிரி உதிர்ந்துபோகும், உருண்டை பிடிபடாது. மார்ச் மாதத்துப் பனி பிடித்தால் பிடிபட்டு உதிர்த்தால் உதிரும் சரியான புட்டுப் பதம். இது வெறும் சொல் ஆராய்ச்சி அல்ல. மாவுப் பனியில் பலகை இலகுவாக ஓடும், விழுந்தாலும் மெத்தை. புட்டுப் பதத்தில் பலகை திடீரென்று பிடித்துக்கொள்ளும், உடம்பு முன்னால் போய்விடும். ஆகவே கற்றுக்கொள்ள ஜனவரி, பிப்ரவரியே நல்லது.

செப்டம்பர் 7

ஆகஸ்ட் 4 அன்று படித்துறை நடை போதும் என்று எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. வழுக்கும் தெருவுக்கு அது போதும். மலைக்குப் போதாது, அது மட்டுமல்ல, அங்கே அது கெடுதலும் செய்யும்.

பிப்ரவரியில் தெய்னே மலைக்குப் போனோம். உயரம் 1,023 மீட்டர். 1972 ஒலிம்பிக்கின் வளைவோட்டப் பந்தயங்கள் நடந்த மலை; அதன் கீழ்ப்பகுதியில் தொடக்கநிலையாளருக்கான அகன்ற சரிவு இருக்கிறது. கற்றுக்கொடுக்க வந்தவர் எழுபது வயதைத் தாண்டியவர். எனக்கு மனத்துக்குள் அவர் அண்ணாச்சிதான். எட்டு வயதுப் பேத்தி மொழிபெயர்ப்பாளர். அவளுக்குப் பள்ளியிலேயே உடற்பயிற்சிப் பாடமாகப் பனிச்சறுக்கு இருப்பதால் என்னைவிடத் தேர்ந்தவள்.

இங்கே காலணி வேறு. கல்போன்ற பிளாஸ்டிக் பூட்ஸ், கணுக்காலை அசையவிடாது. குதிகாலும் பலகையோடு பூட்டப்பட்டுவிடும். விழும்போது முறுக்கு அதிகமானால் பூட்டு தானாக விடுபடும். முதல் ஒரு மணி நேரம் சறுக்கவே இல்லை. நண்டுபோலப் பக்கவாட்டில் சரிவில் ஏறினோம். பக்கவாட்டில் விழப் பழகினோம். எழுந்திருக்கப் பழகினோம்: இரண்டு பலகைகளையும் சரிவுக்குக் குறுக்காக வைத்துக்கொண்டால்தான் எழ முடியும், மலையை நோக்கி நீட்டினால் எழ எழ வழுக்கும். பிறகு "ஹா எழுத்து" என்றார். ஜப்பானிய ஹா எழுத்து கூரைவாரை போன்ற இரண்டு சாய்கோடு. பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகற்றினால் அந்த வடிவம் வரும். உள்விளிம்புகள் பனியைச் சுரண்டி வேகத்தைக் குறைக்கும். கவிழ்த்த நாமம் என்று நான் மனத்தில் வைத்துக்கொண்டேன்.

சரிவில் நின்றதும் என் உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்தது. படித்துறையில் இறங்கும்போது வழுக்கினால் பின்னால் சாய்ந்து படியில் உட்கார்ந்துவிடலாம். அறுபது ஆண்டுப் பழக்கத்தை உடம்பு மறக்காது. ஆனால் பலகையின்மேல் பின்னால் சாய்ந்த உடனே முன்முனைகளுக்குப் பிடிமானம் போய்விடுகிறது. ஹா எழுத்து கலைகிறது. பலகை நம்மை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பயந்து இன்னும் சாய்கிறோம். வேகம் இன்னும் கூடுகிறது. மூன்றுமுறை இப்படியே போய் விழுந்தேன். நான்காவது முறை அண்ணாச்சி எனக்கு முன்னால் பின்புறமாகச் சறுக்கிக்கொண்டே, தன் முழந்தாளுக்குக் கீழே உள்ள முன்னெலும்பைத் தட்டிக் காட்டினார். பேத்தி, "பள்ளத்துக்கு வணக்கம் சொல்லணுமாம் ஆச்சி" என்றாள். அவர் அப்படியே சொன்னாரா, இவளாகச் சேர்த்துக்கொண்டாளா என்று கேட்கவில்லை. முழங்காலை மடக்கி, பூட்ஸின் முன்பக்கத்தில் எலும்பு அழுந்தும்படி பள்ளத்தை நோக்கிக் குனிந்தேன். பலகை என் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. வலக்காலை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பியது, இடக்காலை அழுத்தினால் வலப்பக்கம். எது நம்மை விழவைக்கும் என்று உடம்பு நம்புகிறதோ, அதைச் செய்தால்தான் நிற்க முடிகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு முழு நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் நாற்காலி இழுவையில் ஏறினோம். பின்னாலிருந்து வந்து முழங்காலின் பின்புறம் தட்டும், உடனே உட்கார வேண்டும், தயங்கக்கூடாது. மேலே போய் இறங்கித் திரும்பினால் கீழே நகரமும் அதற்கப்பால் இஷிகாரி வளைகுடாவும் சாம்பல் நீலத்தில் விரிந்து கிடக்கின்றன. நான்கு முறை நின்று, ஒருமுறை உட்கார்ந்து, அந்தச் சரிவு முழுவதும் இறங்கினேன். கீழே வந்ததும் எனக்கு அழுகை வந்தது. அதற்கு இன்றுவரை காரணம் சொல்லத் தெரியவில்லை.

செப்டம்பர் 8

அறுபது ஆண்டுப் பழக்கம் என்று எழுதியது தவறு. ஐம்பத்தெட்டு.

பயணக் காப்பீட்டுத் தாளில் பனிச்சறுக்கு விபத்து அடங்கியிருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். பல காப்பீடுகள் அதை விலக்கிவைக்கின்றன. இன்னொன்று: எனக்குக் காயம் பட்டது மலையில் அல்ல. டிசம்பரில் வீட்டுக்கு எதிரே, கையை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு கடவையைக் கடந்தபோது விழுந்து, இடது மணிக்கட்டு இரண்டு வாரம் வீங்கியிருந்தது. கை வெளியே இருக்க வேண்டும். கையுறை போடுங்கள்.

செப்டம்பர் 21

அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கானது என்று முதலில் எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. பனிச்சறுக்கு ஜப்பானியரின் பிறவிச் சொத்து அல்ல. 1911ஆம் ஆண்டு ஜனவரியில், நீகாட்டாப் பகுதியின் தகாடா என்னும் ஊரில், தியோடர் ஃபான் லெர்ச் என்ற ஆஸ்திரிய இராணுவ அதிகாரி அங்கிருந்த படைவீரர்களுக்குக் கற்றுக்கொடுத்ததிலிருந்துதான் அங்கே முறையான பயிற்சி தொடங்கியது. அவர் கற்பித்தது நீண்ட ஒற்றைக் கோலை ஊன்றிச் சறுக்கும் முறை. அடுத்த ஆண்டு ஹொக்கைடோவின் அசாஹிகாவாவுக்கும் வந்து கற்றுக்கொடுத்தார். அதிலிருந்து அறுபத்தோராம் ஆண்டில், 1972 பிப்ரவரி 6 அன்று, ஆசியாவில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கில், சப்போரோவின் மியாநோமோரி பனித்தாவல் மேடையில் கசாயா யுகியோ தங்கமும் அவருடைய நாட்டவர் இருவர் வெள்ளியும் வெண்கலமும் பெற்றார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்த அண்ணாச்சி அன்று கூட்டத்தில் நின்ற இளைஞர். அதைச் சொல்லும்போது ஊன்றுகோலைப் பனியில் நட்டுவிட்டு இரண்டு கைகளையும் விலாவோடு ஒட்டி, தாவுகிற நிலையில் குனிந்து காட்டினார். ஆகவே அவருடைய பாட்டனாருக்கும் இது புதிதாக வந்த ஒன்றுதான். நமக்கும் புதிது.

ஓடோரி பூங்காவின் பனிச்சிற்ப விழாவும் அப்படித்தான். 1950இல் பள்ளி மாணவர்கள் ஆறு சிலை செய்துவைத்துத் தொடங்கியது. பிப்ரவரியில் வரும். கூட்டத்தில் காலடிப் பனி மிகவும் இறுகிக் கிடக்கும் என்பதால் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

அக்டோபர் 12

பயணச்சீட்டு எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மிகவும் மகிழ்ச்சி.

கொண்டுபோக: அப்பளம், வற்றல், பெருங்காயம், சாம்பார்ப்பொடி, புளி. அல்வா கொண்டுபோனால் அங்கே நெய் உறைந்து மேலே வெள்ளை படியும், கெட்டுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அடுப்பருகே பத்து நிமிடம் வைத்தால் பழைய பளபளப்பு திரும்பும். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, அரிசி வேண்டாம். விமான நிலையத்தில் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு மடியில் கட்டிக்கொண்டுபோன கறிவேப்பிலை போயிற்று.

வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு நாள் வெளியூர் போனால் குழாய் நீரை இறக்கிவிட வேண்டும். அதற்கென்று சுவரில் ஒரு திருகு இருக்கும். இறக்காவிட்டால் குழாய்க்குள் நீர் உறைந்து வெடிக்கும். மகளுக்குத் தெரியும், ஆனாலும் நினைவூட்டுங்கள்.

நவம்பர் 2

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஆறு செந்நிறமாகப் போகிறது. கொம்பில் எப்படிச் சொதி வைத்தேன் என்று கேட்டிருந்ததற்கு இதோ.

உள்ளங்கை அகலக் கொம்புத் துண்டு ஒன்று. அதன்மேல் வெண்பொடி பூத்திருக்கும், அழுக்கென்று கழுவிவிடக்கூடாது. சுவை அதில்தான் இருக்கிறது. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, சிறு தீயில் ஏற்றுங்கள். அடியிலிருந்து குமிழ் கிளம்பத் தொடங்கியதும், கொதி வருமுன் கொம்பை எடுத்துவிட வேண்டும். கொதித்தால் கொழகொழப்பும் கசப்பும் இறங்கிவிடும். அந்த நீரில் பாசிப்பருப்பைக் குழையவிட்டு, உருளைக்கிழங்கும் கேரட்டும் பூசணியும் சின்ன வெங்காயம் கிடைக்காததற்கு நறுக்கிய பெரிய வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு வேகவையுங்கள். முருங்கைக்காய் இல்லை, தாமரைத்தண்டு அந்த இடத்தை நிரப்பாது, ஆனால் கடிக்க நன்றாக இருக்கும். டப்பாவில் வரும் தேங்காய்ப்பாலில் பாதியை நீர்விட்டு இரண்டாம் பால்போல முதலில் சேருங்கள். மீதியைக் கெட்டியாகவே கடைசியில் ஊற்றி, இஞ்சிச் சாறு விட்டு, நுரைகட்டும்போதே இறக்கிவிடுங்கள். இதுவும் கொதிக்கக்கூடாது, திரிந்துவிடும். ஆறிய பிறகு எலுமிச்சை.

மார்ச் மாதக் கடைசியில் அண்ணாச்சியை வீட்டுக்கு அழைத்து இதைத்தான் பரிமாறினேன். ஒரு கரண்டி எடுத்துக் குடித்ததும், "ரிஷிரியா?" என்று கேட்டார். ஹிடாக்கா என்று மகள் சொன்னாள். அவர் தலையை அசைத்து, தேங்காய்ப்பாலுக்கு ஹிடாக்காவே சரி என்றார்.